தறி இல்லாத துணி

துணி கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தறிடா ஓடுது?" மலேசியாவில் லாபு பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தறியே கிடையாதும்மா என்றேன். நம்பவில்லை.

பாலிப்ரொப்பிலின் என்கிற பிளாஸ்டிக் மணிகளை 230 பாகை அளவுக்குச் சூடேற்றி உருக்கி, ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள தகடு வழியே பிழிவோம். இடியாப்பம் பிழிகிற மாதிரிதான். இழை மட்டும் தலைமுடியைவிட மெல்லிசு. காற்று அதை இழுத்து, ஓடும் பெல்ட்டில் பரப்பும். சூடான ரோலர் புள்ளி புள்ளியாக அழுத்தி ஒட்டும். நூற்பும் இல்லை, நெசவும் இல்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையும் இந்தச் சாதிதான். அம்மா அதைத் துவைத்துக் காயப்போட்டு வெங்காயம் கட்டி வைப்பார்.

நான் சேர்ந்தபோது ரோல்கள் பெரும்பாலும் குழந்தை பேம்பர்சுக்குத்தான் போகும். எடை ஆண்டுக்காண்டு குறைய வேண்டும். பூப்போலவும் இருக்க வேண்டும், கிழியவும் கூடாது. சதுர மீட்டருக்கு 15 கிராம் என்றாலே ராத்திரி ஷிப்டில் துணி அறுந்து உயிரை எடுக்கும். அப்புறம் 12 கேட்டார்கள்.

2020இல் எல்லாம் முகக்கவசம். நாடே அடங்கிக் கிடந்த மார்ச்சில் எங்கள் பஸ் மட்டும் ஓடியது. கிருமியை வடிகட்டும் நடு அடுக்குக்கான மெல்ட்புளோன் என்ற நுண்ணிழைத் துணிக்கு ஆசியா முழுக்கப் பறந்தார்கள். சீனாவில் புது மெஷின்கள் மளமளவென்று முளைத்தன. விலை ஏறிய வேகத்திலேயே விழுந்தது.

பேம்பர்ஸ் பக்கம் வந்த மாற்றம் அப்படிச் சத்தம் போடவில்லை. சீனாவில் 2016இல் 17 மில்லியனுக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 2023இல் 9 மில்லியன்தான். ஜப்பானின் ஓஜி நிறுவனம் 2024 செப்டம்பரோடு உள்நாட்டில் குழந்தை டயப்பர் செய்வதை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கானதில் கவனம் வைத்தது. குழந்தைகளுக்கானது மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தொடரும் என்றார்கள். எங்கள் லைனிலும் அகல ரோல்கள் கூடின. யாருக்கு என்று நான் யோசித்ததில்லை.

போன வருடம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. "நான் என்ன கைப்புள்ளையா?" என்று இரண்டு நாள் பேம்பர்ஸ் போட மறுத்தார். மூன்றாம் நாள் கட்டிவிட்டபோது, ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது நீ செஞ்ச துணியா?" என்றார்.

புதிது ஒன்றைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் ரோலரின் புள்ளி முட்டை வடிவம். இதில் இருந்தது வைரம்.

"இல்லம்மா, வேற கம்பெனி."

"உன்னுது இதைவிட மெதுவா இருக்குமா?"

"இருக்கும்" என்றேன்.