240 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு

வீட்டில் இருப்பது ஒரு கம்பெனி கழித்துப்போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர். ஐ5-6500 பிராசசர், 8 ஜிபி ரேம், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி). ஆறு மாதமாக இதில்தான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திருவாரூர் ஆழித்தேரைச் செய்துகொண்டிருக்கிறேன். அடுக்குகளும் மரச் சிற்பங்களும் கூடக்கூட, 1920×1080 அளவில் ஒரே ஒரு படம் ரெண்டர் ஆக (ஒளி, நிழலோடு முழுப் படமாகக் கணக்கிட்டு வர) 41 நிமிடம் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கவேண்டும் என்றால் மறுபடியும் 41 நிமிடம். சரி, இந்தக் கணக்கை வேகமாகச் செய்ய 20,000 ரூபாய்க்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

இரண்டு வாரம் ஒப்பீட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எல்லாரும் ஆர்எக்ஸ் 6600 என்ற கார்டைத்தான் சொன்னார்கள். அதன்பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபினட்டைத் திறந்து, மொபைல் டார்ச்சை அடித்து எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட், அவ்வளவுதான் அதிலிருந்து வரும். அதில் பிராசசருக்கு 65 வாட் போய்விடும். கார்டுக்குச் செருகும் 6 பின், 8 பின் ஒயர் எதுவுமே இல்லை. சரி, வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றலாம் என்றால் மதர்போர்டில் வழக்கமான 24 பின்னும் கிடையாது, அந்தக் கம்பெனிக்கென்றே உள்ள வேறொரு கனெக்டர்.

ஆக, கார்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும், மதர்போர்டில் அதைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகவே வரவேண்டும். அந்த ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், கூடவே 8 பின். எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் என் பெட்டிக்கு அது ஆகாது. தெரிந்தவர் ஒருவர், ஹார்ட் டிஸ்க் ஒயரில் இருந்து 8 பின்னாக மாற்றும் கேபிள் விற்கிறது, போட்டு ஓட்டுங்கள் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்த மெல்லிய ஒயர் அவ்வளவு ஆம்பியரைத் தாங்காது, சூடாகி உருகும்.

75 வாட்டுக்குள் என்று வைத்துத் தேடியபோது பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது. ஜிடி 1030 கார்டில் வெறும் 2 ஜிபி மெமரி, என் வேலைக்கு ஆகாது. (வாங்குகிறவர்கள் மெமரி ஜிடிடிஆர்5 வகைதானா என்று பார்த்து வாங்குங்கள், அதே பெயரில் டிடிஆர்4 போட்ட கார்டும் இருக்கிறது, அதில் மெமரி வேகம் பாதிகூட இல்லை.) ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட் போதும், ஆனால் ஸ்லாட்டில் தரவு போய்வர அதற்கு நான்கு லேன்தான் (தடம்). பிசிஐஇ 4.0 உள்ள புது போர்டில் பரவாயில்லை, என்னுடையது 3.0 என்பதால் அந்தத் தடங்களில் தரவு போகும் வேகம் பாதியாகிவிடும். வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரும் அதில் இல்லை. இன்டெல் ஆர்க் ஏ380-இல் 6 ஜிபி இருக்கிறது, எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் எட்டும் வசதி) இல்லாத பழைய போர்டில் அது திணறும் என்பதால் விட்டுவிட்டேன்.

மிஞ்சியவை ஜிடிஎக்ஸ் 1650-உம் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியும். 1650 பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது, கை அரித்தது. அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4096×4096 டெக்ஸ்சர் (பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) ஒன்று மெமரியில் ஏறினால் 64 எம்பி. என் தேரில் மரம், துணி, பித்தளை எல்லாம் சேர்த்து அப்படி 60 படம் இருக்கிறது. அதற்கே 3,840 எம்பி போய்விடும். 4 ஜிபி கார்டில் தேரை ஏற்றவே இடம் இருக்காது. கணக்குப் போட்டதும் 1650 ஆசை போய்விட்டது.

சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அப்படியே ரிச்சி தெருவுக்கும் போனேன். கடையில் இருந்த தம்பி, "சார், 3050-ல எட்டு ஜிபியும் இருக்கு, ஆறும் இருக்கு. மெமரி மட்டும்தான் வித்தியாசம்" என்றார். அது சரியில்லை. 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் 2,560 கோர் (கணக்குப் போடும் அலகு), 130 வாட். 2024-இல் வந்த 6 ஜிபியில் 2,304 கோர், மெமரி பாதையும் 128 பிட்டில் இருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது, ஆனால் 70 வாட்தான். எனக்கு வேண்டியது அந்த 70 வாட்தான். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, மேல் விளிம்பில் பவர் சாக்கெட் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். ஒற்றை ஃபேன் மாடல், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 17,000 ரூபாய்.

மாட்டும்போது ஒரு சின்னச் சிக்கல். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன், அதன் அடிப்பாகம் சரியாக சாட்டா போர்ட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்தது. நேராக நிற்கும் கேபிளின் தலை ஃபேனைத் தொட்டது. தலை வளைந்த சாட்டா கேபிள் 80 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன், நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. இன்னொன்று, இதுவரை மானிட்டர் விஜிஏ கேபிளில் ஓடியது, புது கார்டில் விஜிஏ கிடையாது. செட்டாப் பாக்ஸில் இருந்த எச்டிஎம்ஐ கேபிளை அன்றிரவுக்கு மட்டும் கடன் வாங்கினேன்.

டிரைவர் போட்டு, பிளெண்டரில் பிரிஃபரன்சஸ், சிஸ்டம் போய், கார்டில் ரெண்டர் செய்ய உதவும் ஆப்டிக்ஸைத் தேர்ந்தெடுத்து ரெண்டர் கொடுத்தேன். அதே 41 நிமிட வேகம்! நெஞ்சு பக்கென்றது. காரணம் வேறொன்றுமில்லை, அங்கே டிக் செய்தது போதாது, ஒவ்வொரு ஃபைலிலும் ரெண்டர் பக்கத்தில் டிவைஸ் என்ற இடத்தில் ஜிபியு கம்ப்யூட் என்று தனியாக மாற்றவேண்டும். மாற்றினேன். முதல் தடவை கெர்னல் (கார்டில் ஓடும் ரெண்டர் நிரல்) ஏறச் சிறிது நேரம் அப்படியே நின்றது, பிறகு படம் கட்டம் கட்டமாக நிரம்பத் தொடங்கியது. 2 நிமிடம் 40 விநாடி. திருச்சி பெல் (பிஎச்இஎல்) நிறுவனம் செய்துகொடுத்த அந்த இரும்புச் சக்கரம், இத்தனை நாள் சாம்பல் நிற வட்டமாகத் தெரிந்தது, விளிம்பில் வெயில் பட்டு மின்னியது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்ததில் கார்டு 68 டிகிரியைத் தாண்டவில்லை, எஸ்எம்பிஎஸ்ஸும் தொட்டால் லேசான சூடுதான். ஆனால் ஃபைலைத் திறக்கும்போது 8 ஜிபி ரேம் நிரம்பிவிடுகிறது. அடுத்த சம்பளத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி வாங்கவேண்டும். அதுவரை பிளெண்டரின் சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சரை 2048-க்குக் குறைத்து ஓட்டுகிறேன், படம் ஒன்றுக்கு 16 எம்பிதான் பிடிக்கிறது. மேல் அடுக்கில் தொங்கும் துணி உருளைகளான தொம்பைகளின் மடிப்பு இன்னும் சரியாக வரவில்லை, இந்த வாரம் அதில்தான் உட்காரப்போகிறேன்.