கீழாநெல்லி எந்தக் கரையில் முளைத்தது

இந்தப் புதன்கிழமை மூன்று மூட்டைக் கீழாநெல்லியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு நாள் அந்த மூட்டைகளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் போட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் சித்த மருந்து செய்யும் ஒரு சின்னக் கூடத்தில் தரப் பரிசோதனை என் வேலை. பதினாறு வருஷம் ஆகிறது. மூலிகை மூட்டை வாசலில் இறங்கினால், நான் சரி என்று எழுதும்வரை அது அரவைக்குப் போகாது. படித்தது வேதியியல். ஆனால் மூலிகையைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. வேலூர் லாங்கு பஜாரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் உட்கார்ந்து சுக்கு, திப்பிலி, அதிமதுரம் என்று பொட்டலம் மடிப்பேன்.

கீழாநெல்லிக் கட்டு வந்தால் அப்பா ஒரு கொத்தை உருவித் தலைகீழாகப் பிடிப்பார். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கும். காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இருந்தால் கீழாநெல்லி. தண்டு சிவப்போடி, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் செங்கீழாநெல்லி. மேலாநெல்லியும் சேர்ந்து வரும். மூன்றும் ஒரே குடும்பம். காய்ந்து நொறுங்கிய பிறகு பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். ஒரு இலையைக் கிள்ளி மென்றுவிட்டு, "கசப்பு நாக்கு நுனியில நிக்கக் கூடாது, அடிநாக்கு வரைக்கும் போவணும்" என்பார்.

அந்தக் கசப்புக்குப் பெயர் இருக்கிறது என்று கல்லூரியில்தான் தெரிந்தது. ஃபிலாந்தின். அதோடு சேர்ந்தே இருக்கும் இன்னொரு பொருள் ஹைப்போஃபிலாந்தின். நாம் கீழாநெல்லி என்று சொல்லும் ஃபிலாந்தஸ் அமாரஸில் இவை நன்றாக இருக்கும். அதன் உறவுச் செடியான செங்கீழாநெல்லியில் பெயருக்குத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மஞ்சள்காமாலைக்கு என்று நம்பி ஒருவர் வாங்கிக் குடிக்கும் பொடியில் எந்தச் செடி இருக்கிறது என்பது சின்ன விஷயமா?

சரி, அந்த மூன்று மூட்டைக்கு வருகிறேன்.

மூட்டையைத் திறந்து மேலாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்ப் பரிசோதிப்பது தப்பு. மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் குவித்து, குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ள வேண்டும். வேண்டிய அளவுக்குச் சுருங்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் வெள்ளைத் தாளில் பரப்பி, கீழாநெல்லி அல்லாதது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி நிறுக்க வேண்டும். அருகம்புல், வேரோடு வந்த மண்கட்டி, பாக்குப் பொட்டலத்தின் கிழிசல், கொஞ்சம் செங்கீழாநெல்லி. இதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

அடுத்து மெல்லிய அடுக்கு வண்ணப்படிவு. நாங்கள் பேச்சில் டிஎல்சி என்போம். சிலிக்கா பூசிய அலுமினியத் தகட்டின் அடியில் மூலிகைச் சாற்றை ஒரு கோடாக இட்டு, பக்கத்திலேயே சுத்தமான ஃபிலாந்தினையும் இட்டு, கரைப்பான் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் நிறுத்தினால் ஈரம் மெல்ல மேலே ஏறும். சாற்றில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் அதனதன் உயரத்தில் தங்கிவிடும். தகட்டை உலர்த்தி, அனிசால்டிஹைடு கலந்த அமிலத்தைத் தெளித்துச் சூடு காட்டினால், அதுவரை வெறுமையாக இருந்த தகட்டில் பொட்டுப் பொட்டாக நிறம் எழும்பும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததே இல்லை. இந்த மூட்டையிலும் ஃபிலாந்தின் பொட்டு தன் இடத்தில் எழுந்தது. செடி கீழாநெல்லிதான். ஆனால் மங்கல்.

அப்புறம் சாம்பல். என்னைக் கேட்டால், ஒரு மூலிகை எப்படி நடத்தப்பட்டது என்பதைச் சாம்பலைப் போல் வேறெதுவும் சொல்லாது. இரண்டு மூன்று கிராம் பொடியை, சூடு தாங்கும் சின்னக் கிண்ணமான மூசையில் வைத்து, உலையில் 450 டிகிரியில், கரி துளியும் இல்லாமல் வெளுக்கும்வரை எரிப்போம். மிஞ்சுவது மொத்தச் சாம்பல். அதில் செடியின் சொந்த உப்புகளும் இருக்கும், ஒட்டிக்கொண்டு வந்த மண்ணும் இருக்கும். இரண்டையும் பிரிக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்து, எரித்தால் சாம்பல் தங்காத வடிதாளில் வடிகட்டுவோம். செடியின் உப்புகள் கரைந்து போய்விடும். வடிதாளில் தங்கியதை மறுபடி எரித்து நிறுத்தால் அமிலத்தில் கரையாத சாம்பல். எளிமையாகச் சொன்னால், மணல். மூசையை ஆட்டினால் நறநறவென்று சத்தம் கேட்டது. அளவு வரம்பைத் தாண்டிவிட்டது.

மணல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. எங்கள் பக்கம் கேழ்வரகு, வேர்க்கடலை, கொள்ளு எல்லாமே தார்ச்சாலையில்தான் காய்கிறது. மூலிகையும் அங்கேதான். லாரி ஏறி இறங்கும். நிழலில் காய வேண்டிய செடி, கொதிக்கும் தாரில் இரண்டே நாளில் மொறமொறத்துவிடும். ஃபிலாந்தின் பொட்டு மங்கலாக எழுந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான்கே நாளில் மூட்டை திரும்பிப் போயிருக்கும். என்னால் நிறுத்த முடியவில்லை. மூட்டையில் ஒட்டிய சீட்டில் பாலாற்றுக்கரை ஊர் ஒன்றின் பெயர் இருந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னால் தோல் தொழில் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பிறகு குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய அந்தத் தொழில் காரணம். என் சித்தப்பாவும் தோல் மண்டியில் வேலை பார்த்தவர்தான். ஆனால் கழிவுநீர் நிலத்துக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று சொன்னது இந்த மண்ணை முன்வைத்துத்தான். 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பாலாறு மூன்றையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

உலோகப் பரிசோதனைக்கான கருவி எங்களிடம் இல்லை. சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். நம் மரபு மருந்துகளுக்கு நான்கு உலோகங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஈயம் 10 பிபிஎம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. ஒரு பிபிஎம் என்றால் ஒரு கிலோ மூலிகையில் ஒரு மில்லிகிராம். அந்த நான்கில் குரோமியம் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. நான் கையால் எழுதிச் சேர்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, ஜவ்வாது மலையிலிருந்து வந்து அலமாரியில் வைத்திருந்த கீழாநெல்லியிலும் கொஞ்சம் கட்டி அனுப்பினேன்.

ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும் வரம்புக்குள். குரோமியம் மட்டும் மலைச் சரக்கைவிடப் பல மடங்கு.

உடனே ஒரு கேள்வி வந்தது. இந்தக் குரோமியம் செடிக்குள் இருக்கிறதா, செடியில் ஒட்டிய மண்ணில் இருக்கிறதா? அதே மூட்டையில் ஒரு பங்கை எடுத்து நாலைந்து தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்தி, மறுபடி அனுப்பினேன். செலவை எப்படிக் கணக்கில் எழுதுவது என்று மேலாளர் கேட்டார். கேட்டாரே தவிரத் தடுக்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி. அளவு நன்றாக இறங்கியிருந்தது. ஆனாலும் மலைச் சரக்கின் அளவுக்கு வரவில்லை. அப்படியானால் ஒரு பங்கு மண்ணில், ஒரு பங்கு செடிக்குள்.

செடிகள் குரோமியத்தைப் பெரும்பாலும் வேரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தண்டுக்கும் இலைக்கும் போவது குறைவு. கீரையாக இருந்தால் வேரை வெட்டி எறிந்துவிடலாம். ஆனால் கீழாநெல்லியை நாம் சமூலமாக, வேர், தண்டு, இலை, காய் எல்லாவற்றையும் சேர்த்தல்லவா அரைக்கிறோம்? இதை யோசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருப்பி அனுப்பிய தாளில் காரணம் என்ற இடத்தில் நான் எழுதியது, அமிலத்தில் கரையாத சாம்பல் அதிகம், பிற பொருள் அதிகம். இரண்டும் உண்மை. குரோமியத்தைக் காரணமாக எழுத முடியாது, வரம்பு இல்லை. மணல் குறைவாக இருந்திருந்தால் அந்த மூட்டை எல்லாப் பரிசோதனையிலும் தேறி அரவைக்குப் போயிருக்கும்.

மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்று நம்புகிறவர்களிடம் நான் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில், உடல் இளைக்க என்று கொடுத்த சீன மூலிகைக் கலவையில் ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டலோகியா வகை வேர் சேர்ந்துவிட்டது. சீனத்தில் இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. அரிஸ்டலோகியா ஏதோ தூரதேசத்துச் செடி இல்லை. நம் வயல் ஓரத்து ஆடுதீண்டாப்பாளை அதே இனம்தான். சரக்கு எது என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் அரைக்கக் கூடாது.

அப்பா கருவி எதுவும் இல்லாமல் இதைச் செய்தார் என்பதை நினைக்கும்போது மலைப்பாக இருக்கிறது. தை, மாசியில் ஒடுகத்தூர் வழியாக மலையிலிருந்து கடுக்காய் இறங்கும். ஒன்றை இரும்புக் கத்தியால் கீறி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். கத்தி நீலங்கலந்து கறுத்தால் சதை நல்ல துவர்ப்பு. ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு விட்டு, துவர்ப்புப் பொருளான டானினைப் பார்க்கும்போது நான் செய்வதும் அதுவேதான், இரும்பு என்னிடம் புட்டியில் இருக்கிறது. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று சொல்லிக்கொண்டே கொட்டையை நீக்கித்தான் கடுக்காயை இடிப்பார். நீரில் கரையும் சத்து கடுக்காயில் நூற்றுக்கு 60க்குக் குறையக் கூடாது என்று மருந்துத் தர நூலான ஆயுர்வேதப் பார்மகோபியா கேட்கிறது. கொட்டையோடு சேர்த்து அரைத்த பொடி ஒன்று எங்களிடம் வந்தபோது அந்த 60ஐ எட்டவே இல்லை. அந்தப் பழமொழியை அன்றைக்கு எடைத்தட்டில் பார்த்தேன்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, சீட்டில் இருந்த ஊருக்குப் போனேன். பறித்த அம்மாவைக் கண்டுபிடித்தேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, பூண்டுல இன்னா குத்தம்? நல்லாதானே கட்டிக் குடுத்தேன்."

மண் அதிகம் என்றேன். தலையாட்டினார். அந்த ஊர் வாய்க்காலில் ஓடும் தோல் கழிவுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"முன்ன எல்லாம் வரப்புலயே மொளைக்கும்மா. இப்ப கடலைக்கும் நெல்லுக்கும் களைக்கொல்லி அடிக்கிறாங்க. வரப்புல ஒரு பூண்டு நிக்கிறதில்ல. அந்தக் காவா ஓரந்தான் பசுமையா கீது. நான் வேற எங்க போவேன்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் எதையும் கலப்படம் செய்யவில்லை. கீழாநெல்லிதான் பறித்தார். காய்வதற்கு இடமில்லாமல் சாலையில் காயவைத்தார். கிலோவுக்கு அவர் கைக்குப் போகும் காசைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கடையில் அதே பொடிக்கு நாம் கொடுக்கும் விலை எனக்குத் தெரியும்.

ஊருக்கு மேலே மழைத்தண்ணீர் மட்டும் வரும் ஒரு சின்ன ஏரி இருக்கிறதாம். கொஞ்சம் நடக்க வேண்டும். அங்கே பறித்து, வேரை அலசி, தார்ப்பாயில் நிழல்காய்ச்சலாகக் காயவைத்துக் கொடுத்தால் கூடுதல் விலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேலாளரிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அவரிடம் சாம்பல் கணக்கு, குரோமியக் கணக்கு இரண்டையும் மேஜையில் வைத்துப் பேசினேன். முதலில் பத்து கிலோவுக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார். வரவுப் படிவத்தில் 'பறித்த இடம், தண்ணீர்' என்று ஒரு வரி சேர்க்கவும் சம்மதித்தார்.

இன்று மதியம் பேருந்து நடத்துநர் கையில் ஒரு மஞ்சள் பை வந்தது. உள்ளே அரைக் கிலோ கீழாநெல்லி, வேர் வெளுத்துச் சுத்தமாக. பேரன் எழுதியிருக்க வேண்டும், நோட்டுத்தாளில் பென்சிலால்: "மேல் ஏரி. கெணத்துத் தண்ணில கழுவனது." கிணற்றுத் தண்ணீர் என்றதும் ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்தத் தண்ணீரிலும் ஒரு புட்டி கேட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கீழாநெல்லியை நாளைக் காலையில் மூசையில் வைக்கிறேன்.