ஊற்றுக்கண்ணுக்குள் ஒரு நாள்

அப்பா இலங்கையின் வன்னியில், முழங்காவிலில் முப்பது வருடத்துக்கு மேல் கிணறு வெட்டியவர். சிவத்த மண் முடிந்து சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டதும் அலவாங்கின் சத்தம் மாறிவிடும். ஊற்றுக்கண் திறந்தால் மேலே நிற்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். கல்வெடிப்பிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வரும். "அங்கால என்ன இருக்கு அப்பா?" என்று கேட்பேன். "கல்லுக்குள்ள வீடு மாதிரி இடம் இருக்கும் பிள்ளை" என்பார். அவரும் பார்த்ததில்லை.

போன மாசியில் நான் அந்த வீட்டுக்குள் நீந்தினேன்.

கனடாவிலிருக்கும் அண்ணா குடும்பத்தோடு மெக்சிகோவுக்குப் போயிருந்தோம். மற்றவர்களுக்குக் கடற்கரை போதும். நான் அண்ணியையும் இழுத்துக்கொண்டு, வழிகாட்டி ஒருவரோடு துலும் நகருக்கு வடக்கே உள்ள செனோட்டே என்ற குகைநீர்நிலைகளைப் பார்க்கப் புறப்பட்டேன். அந்தப் பகுதியின் பழங்குடிகளான மாயா மக்களின் சொல்லை ஸ்பானியர் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். வழிகாட்டியும் மாயாக்காரர், அப்பாவின் வயதிருக்கும்.

வன்னியில் நாங்கள் குளக்கட்டுப் போட்டு மழையை மறிக்கிறோம். துலும் இருக்கும் யுகட்டான் தீபகற்பத்தின் வடபாதியில் மறிப்பதற்கு ஆறே கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகைகளாக்கி, அதற்குள்ளாலேயே கடலுக்கு ஓடுகிறது. எங்காவது குகையின் கூரை இடிந்து விழுந்தால் அந்த வாய்தான் செனோட்டே.

முதலில் போனது தோஸ் ஓஹோஸ். ஸ்பானிய மொழியில் இரண்டு கண்கள் என்று பொருள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய்கள் இருப்பதால் அந்தப் பெயர். எனக்கு ஊற்றுக்கண் என்றுதான் கேட்டது.

இறங்குமுன் குளிக்கச் சொன்னார்கள். வெயிலுக்குப் பூசும் கிரீம் உடம்பில் இருக்கக்கூடாது. "இந்தத் தண்ணீரைத்தான் ஊர்கள் குடிக்கின்றன. மேலே ஊற்றுவது வடிபடாமல் நேரே கீழே போய்விடும்" என்றார் வழிகாட்டி. சுண்ணாம்புக்கல் பூமி முழுவதற்கும் அது பொருந்தும். கிணற்றுக்குக் கிட்ட மலசலகூடக் குழி வெட்டக் கேட்பவர்களோடு அப்பா சண்டை பிடிப்பார். அந்த நேரம் அப்பா என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் போலிருந்தது.

மரப்படியால் இறங்கினோம். தண்ணீர் கிட்டத்தட்ட 25 பாகை, வருடம் முழுவதும் அப்படித்தானாம். குளத்தில் தலையை உயர்த்தி நீந்திப் பழகிய எனக்கு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாயால் வாய் வழியே மூச்சு விடுவது முதலில் முடியவில்லை. நெஞ்சு படபடத்தது. வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பத்துவரை எண்ணினார். அப்புறம் குனிந்து பார்த்தேன்.

தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. கீழே பாறைகள், அவற்றின் மேல் என் நிழல். ஆலம் விழுதுபோல மேலிருந்து இறங்கும் கல்தூண்கள் தண்ணீருக்குள்ளும் தொடர்ந்து போகின்றன. சொட்டுச் சொட்டாக வளரும் அந்த விழுது காற்றில்தான் உருவாகும். அதாவது ஒரு காலம் இது உலர்ந்த குகை. பனியுகத்தில் கடல் தாழ்ந்திருந்தது, பிறகு கடல் ஏற, குகைக்குள் தண்ணீரும் ஏறியது. டோர்ச் வெளிச்சத்தில் உள்ளறைக்கும் போனோம். தலைக்கு மேல் வௌவால்கள். சுழியோடிகளுக்கான கயிறு ஒன்று இருட்டுக்குள் போய் மறைந்தது.

அந்த இருட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டேன். 2018இல் இது சாக் அக்துன் என்ற குகைத் தொடரோடு இணைவதைச் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். அப்போதே சேர்த்து அளந்தது 347 கிலோமீற்றர். அதே தொடரில் ஓயோ நேக்ரோ என்ற ஆழமான குழிக்குள் 2007இல் ஒரு பெண்பிள்ளையின் எலும்புகள் கிடைத்தன. 15, 16 வயது. 12,000 வருடங்களுக்கு மேல் பழையவை. உலர்ந்திருந்த குகைக்குள் தண்ணீர் தேடிப் போய் விழுந்திருக்கலாம் என்கிறார்கள்.

2009இல் எனக்கும் 15 வயது. இறுதி யுத்தத்தில் மாத்தளன் கடற்கரை மணலில் அப்பா கையால் பூவல், அதாவது தண்ணீருக்கான சிறு குழி, தோண்டினார். ஊறியது உவர்த் தண்ணீர். அதற்கும் வரிசையில் நின்றோம். அந்தப் பிள்ளையின் கதையைக் கேட்ட பிறகு கொஞ்ச நேரம் மிதந்துகொண்டு மட்டும் கிடந்தேன். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் போன காஸா செனோட்டே வேறு மாதிரி. கூரையில்லை, இரு கரையிலும் கண்டல் மரங்கள், றோட்டுக்கு அந்தப் பக்கம் கடல். வேர்களுக்கிடையில் மீன்கள் ஓடின. நல்ல தண்ணீர் பாரம் குறைந்ததால் மேலே நிற்கும், உப்புத் தண்ணீர் கீழே கிடக்கும். இரண்டும் சந்திக்கும் இடம் எண்ணெய் கலந்ததுபோல் மங்கித் தெரியுமாம். யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பூநகரியில் கிணற்றை ஆழமாக்கிக் கெடுத்தவர்களையும் தெரியும்.

வீட்டுக்கு வந்து வீடியோவை அப்பாவிடம் கொடுத்தேன். திண்ணையில் இருந்து பார்த்தார்.

"தண்ணி என்ன ருசி?"

"முதலாவது நல்ல தண்ணி. இரண்டாவது கொஞ்சம் கரிச்சது."

"அப்ப கடல் கிட்ட."

"றோட்டுக்கு அங்கால."

விழுதுக்கற்கள் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "எங்கட கல்லு மாதிரித்தான் கிடக்கு" என்றார். பிறகு, "திரும்பப் போடு பிள்ளை, நீ இறங்கினதில இருந்து."