கசூலே: ஏழு முறை உடையும் பொருக்கு

கசூலே என்றதும் வாத்துக்கறி, சாசேஜ் என்றுதான் பேச்சு போகும். தென்மேற்குப் பிரான்சின் இந்தச் சட்டிச் சமையலில் கறி துணைக்கு வருவதுதான். பீன்ஸ் முழுசாக, வெண்ணெய் போல வெந்து, மேலே தானாகவே ஒரு பொருக்குக் கட்டினால்தான் அது கசூலே.

மூன்று ஊர்கள் இதற்கு உரிமை கொண்டாடுகின்றன. கஸ்தெல்னொதாரியில் பன்றி இறைச்சியும் வாத்து அல்லது வாத்தினப் பெரிய பறவையான கூஸின் கோன்ஃபியும் (உப்பிட்டு, கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்த கறி) போடுவார்கள். கார்க்கசோனில் வேட்டைக் காலத்தில் செங்கால் கௌதாரி சேரும். துலூஸில் அந்த ஊர் சாசேஜ் கட்டாயம், ஆட்டுக்கறியும் சேர்வதுண்டு. இவற்றை முறையே தந்தை, மகன், தூய ஆவி என்று 1929இல் வரிசைப்படுத்தினார் சமையல் வல்லுநர் ப்ரோஸ்பேர் மோந்தாஞே. அவர் பிறந்தது கார்க்கசோனில். சொந்த ஊரை மகன் இடத்தோடு நிறுத்திக்கொண்டது பெருந்தன்மைதான். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில், ஒரு முற்றுகையின்போது பிறந்த உணவு என்ற கதையையும் சொல்வார்கள். இன்று போடும் பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது, அதுவும் கொலம்பஸுக்குப் பிறகு. ஆகவே அந்தக் காலத்துச் சட்டியில் வெந்தது வேறு ஏதோ பயறாகத்தான் இருக்க வேண்டும்.

கஸ்தெல்னொதாரி முறையில் நான்கு பேருக்கு: உலர்ந்த லாங்கோ ரக வெள்ளை பீன்ஸ் 400 கிராம், வாத்துத் தொடைக் கோன்ஃபி 2, துலூஸ் சாசேஜ் 80 கிராம் துண்டுகளாக 4, பன்றிக் கால் அல்லது தோள்பட்டை இறைச்சி 50 கிராம் துண்டுகளாக 4, பன்றித் தோல் 250 கிராம், கோழி எலும்புக்கூடு ஒன்று, வெங்காயம், கேரட், பூண்டு.

பீன்ஸை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். மறுநாள் புதுத் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். பன்றித் தோல், எலும்பு, காய்களை 3 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் பீன்ஸை ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் தோல் கிழியக் கூடாது. கோன்ஃபியிலேயே உப்பு இருப்பதால் சாற்றில் அளவோடு போடுங்கள்.

எவ்வளவு நேரம் வெந்தும் பீன்ஸ் கல்லாக இருக்கிறதா? விதை பழசாக இருக்கும், அல்லது தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கால்சியம், விதையின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். தக்காளி சேர்ப்பவர்கள் அதை ஆரம்பத்திலேயே போட்டாலும் இதே கதிதான். புளிப்பு, பீன்ஸை மசியவிடாது.

கோன்ஃபியை மிதமான சூட்டில் வைத்துக் கொழுப்பை உருக்கி எடுங்கள். அந்தக் கொழுப்பிலேயே சாசேஜையும் பன்றித் துண்டுகளையும் சிவக்க வறுக்கலாம். சட்டியின் அடியில் வெந்த பன்றித் தோல், மேலே மூன்றில் ஒரு பங்கு பீன்ஸ், பிறகு கறி, மீதி பீன்ஸ். சாசேஜை மேலாக அமுக்கி, தலை மட்டும் தெரிய விடுங்கள். சூடான சாறு பீன்ஸை மூடும் அளவுக்கு இருந்தால் போதும். மேலே மிளகும் ஒரு கரண்டி கொழுப்பும்.

உணவுக்குப் பெயர் தந்ததே கசோல் என்ற மண்சட்டி. வாய் அகன்று அடி குறுகிய அதன் வடிவத்துக்குக் காரணம் உண்டு: மேலே பொருக்குக் கட்ட இடம் தாராளம், கீழே பீன்ஸ் காயாது. தட்டையான தட்டில் வைத்தால் எல்லாமே வறண்டுவிடும்.

ஓவன் 150 முதல் 160 டிகிரி, 2 முதல் 3 மணி நேரம். தோலிலிருந்து இறங்கிய ஜெலட்டினும் பீன்ஸின் மாவுச்சத்தும் மேலே காய்ந்து பழுப்பாகப் பொருக்குக் கட்டும். அதைக் கரண்டியின் முதுகால் மெல்ல உள்ளே அமுக்க வேண்டும். ஏழு முறை என்பது மரபு. நான்கைந்து முறை அமைந்தாலே நல்ல கசூலேதான். கிளறினால் காரியம் கெட்டது, பீன்ஸ் கஞ்சியாகிவிடும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினாலும் சாறு தளதளவென்று கொதித்துத் தோல்கள் வெடிக்கும். மேற்பரப்பு வறண்டு வெடிப்பு விட்டால் இரண்டு கரண்டி சூடான சாறு ஓரமாக ஊற்றுங்கள்.

ரொட்டித்தூள் தூவுவது குறுக்குவழி. நிறம் சீக்கிரம் வரும், சாற்றையும் அதுவே குடித்துவிடும். கஸ்தெல்னொதாரிக்காரர்கள் அதைச் சேர்ப்பதில்லை.

முதல் நாளே செய்து வைத்தால் ருசி கூடும். மறுநாள் சிறிது சாறு விட்டு 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சுடவைத்து, சட்டியோடு மேசைக்குக் கொண்டுபோக வேண்டும், மேலே குமிழிகள் அடங்குவதற்குள்.