லெசோத்தோ: பொழுதைக் கணக்கு வைத்து ஓட்டிய ஒன்பது நாள்

முதலில் போட்ட திட்டத்தில் லெசோத்தோவுக்கு நான்கு நாள்தான் ஒதுக்கியிருந்தேன். நாட்டின் பரப்பே 30,000 சதுர கிலோமீட்டர் சொச்சம், கேரளாவைவிடச் சின்னது. சுற்றிலும் தென்னாப்பிரிக்கா, நடுவில் இந்த நாடு. காலையில் ஒரு மூலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் மறு மூலைக்குப் போய்விடலாம் என்று அட்டவணை போட்டு, கூட வருகிற அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கோத்தகிரி. இருபத்தைந்து வருஷமாக மலை ரோட்டிலேயே புழங்குகிறவள். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, கிலோமீட்டர் எல்லாம் எழுதியிருக்கே. உயரம் எங்கடா?"

அந்த ஒரு கேள்வியில் மொத்தத் திட்டமும் மாறிவிட்டது. முழு நிலமும் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஒரே நாடு லெசோத்தோ. அதன் மிகத் தாழ்வான இடமே 1,400 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காடு. ரோடு அதற்கு மேலேதான் ஏறத் தொடங்குகிறது. நாங்கள் தாண்ட வேண்டிய மோட்டெங் கணவாய் 2,820 மீட்டர், மஃபிகா லிசியூ 3,090, ட்லாயெங் 3,251. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637தான்.

அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் புது அட்டவணை போட்டாள். ஊர், ஊர் என்று எழுதி, பக்கத்தில் கணவாயின் உயரம், அதற்குப் பக்கத்தில் சூரியன் மறையும் நேரம். நாங்கள் போனது ஏப்ரல் கடைசி. மழைக்காலம் முடிந்து, பனி இன்னும் தொடங்காத நேரம். ஆனால் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மலை ரோட்டில் தெருவிளக்கு கிடையாது. ஆட்டு மந்தை, குதிரை, கழுதை எல்லாம் ரோட்டின் மேலேதான் வீடு திரும்பும். அதனால் கூகுள் மேப் காட்டிய நேரத்தை ஒன்றரையால் பெருக்கினோம். நான்கு மணிக்கு மேல் சக்கரம் உருளக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டோம். அப்படிப் போட்டபோது நான்கு நாள் ஒன்பதாக நீண்டது. அதிலும் இரண்டு நாளுக்கு எதிரே எதுவும் எழுதாமல் காலியாக விட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை. அத்தனை தூரம் போய் இரண்டு நாளை வீணாக்குவதா என்று சண்டை போட்டேன். அவள் அசையவில்லை.

அடுத்தது வண்டி. ஃபோர் வீல் டிரைவ் வாடகை எங்கள் பட்ஜெட்டுக்கு மீறியது. லெசோத்தோவின் முக்கியச் சாலைகளில் பெரும்பகுதி தார் ரோடு, தரையிலிருந்து உயரமாக நிற்கிற வண்டி போதும் என்று தெரிந்ததும் டஸ்டர் ஒன்றை ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்தோம். இதற்காக இரண்டு ஆசைகளை விட வேண்டியிருந்தது. ஒன்று, காட்செ அணையிலிருந்து தாபா ட்செகாவுக்குப் போகும் மண் சாலை. வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தபோது, மண் ரோட்டில் டயருக்கும் அடிப்பாகத்துக்கும் சேதம் வந்தால் இன்சூரன்ஸ் இல்லை என்று இருந்தது. இரண்டாவது, பேர்பெற்ற சானி கணவாய். தென்னாப்பிரிக்கா பக்கமிருந்து அதில் ஏற ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம், கீழே சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் லெசோத்தோ பக்கம் மொக்கொட்லொங் ஊரிலிருந்து சானி உச்சிவரை தார் போட்டிருக்கிறார்கள். உச்சிவரை போய், எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பலாம். எங்களைப் போல சாதாரண வண்டியில் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

காகிதங்கள். ஆர்டிஓ ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருஷம் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் தருகிறார்கள். தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழையக் கூடியதாக இருக்க வேண்டும். லெசோத்தோவுக்குள் போய்விட்டுத் திரும்புவது மறுநுழைவு ஆகிவிடும், இதில் சறுக்கினால் திரும்பி வர வழியில்லை. வாடகை நிறுவனத்திடமிருந்து எல்லை தாண்ட அனுமதிக் கடிதமும் வாங்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில்தான் மாட்டினோம். கலிடன்ஸ்போர்ட் எல்லையில் போலீஸ்காரர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி நம்பரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். கடைசி எண்ணில் விரல் நின்றது. கடிதத்தில் 3, வண்டியில் 8. கோபமெல்லாம் இல்லை, கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். நிறுவனத்துக்கு ஐந்து முறை போன் செய்து, திருத்திய கடிதம் மெயிலில் வந்து, ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து எல்லையைத் தாண்டும்போது மணி மூன்றே கால். மோட்டெங் ஏறி ஆக்ஸ்போவில் தங்குவதாக இருந்தோம். நான் போய்விடலாம் என்றேன். அக்கா நோட்டைத் திறந்து 5.30 என்ற எண்ணைக் காட்டினாள். புத்தா புத்தேயில் அறை எடுத்துப் படுத்தோம். காலி நாட்களில் ஒன்று அப்படிப் போனது. அவள் அதை விட்டு வைத்திருக்காவிட்டால் அன்றிரவு கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டோடு மல்லுக்கட்டியிருப்போம். கடிதத்தை வாங்கிய இடத்திலேயே நம்பரைச் சரிபார்த்திருக்க வேண்டும். போகிறவர்கள் தயவுசெய்து செய்யுங்கள்.

எல்லையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கலிடன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சமவெளி, கண்ணுக்கெட்டிய வரை பெரிய பண்ணைகள். இந்தப் பக்கம் வந்ததும் மலைச்சரிவில் துண்டு துண்டாகச் சோளக்கொல்லை. 1860களில் போயர்கள் என்ற டச்சு வழிக் குடியேறிகளோடு நடந்த போர்களில் ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல விளைநிலம் பசூத்தோ மக்களின் கையைவிட்டுப் போனது. அவர்களின் அரசர் முதலாம் மொஷூஷூ 1824-ல் தன் மக்களோடு குடியேறிய தாபா போசியூ குன்றை எதிரிகளால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. பிறகு அந்தக் குன்றின் மேல் நின்று மேற்கே பார்த்தபோது, மிஞ்சியது எது, போனது எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் மோட்டெங். 1,000 மீட்டர் ஏறினால் எஞ்சினின் இழுவையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது பொதுக் கணக்கு. அது காலுக்கடியில் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி முனகியதே தவிர முந்தவில்லை. இறக்கத்தில் அக்கா கோத்தகிரி டிரைவர்களின் பாடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு, ஏறி வருகிறவனுக்கு வழி விடு. வலது பக்க ஸ்டியரிங், இடது பக்க ஓட்டம் என்பதால் அதில் நமக்குத் தடுமாற்றமே இல்லை. பெட்ரோலைப் பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும். உள்ளூர்ப் பணம் லோட்டி, தென்னாப்பிரிக்காவின் ராண்டுக்குச் சமம். ராண்டை எல்லாக் கடையிலும் வாங்கிக்கொள்கிறார்கள். லோட்டி தென்னாப்பிரிக்காவில் செல்லாது என்பதால் மிச்சத்தை அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

லெட்ஸெங் வைரச் சுரங்கத்தின் வேலியை ஒட்டி மரமே இல்லாத பொட்டல் மேட்டில் போய், மொக்கொட்லொங்கில் தங்கி, சானி உச்சியை அடைந்தோம். கீழே ரோடு நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி கிடந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரியான அக்காவுக்கு முதலில் கவலை இருந்தது. ஆனால் அங்கே அன்றாடச் சாப்பாடே பாப்பா, மொரோஹோ. பாப்பா என்றால் மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி, மொரோஹோ என்றால் வதக்கிய கீரை. லெரிபேயில் ஒரு சின்னக் கடையில் அந்த அம்மாள் களியை உருண்டையாகத் தட்டில் வைத்ததும் அக்கா கையாலேயே பிட்டுக் குழி பண்ணிக் கீரையை அள்ளினாள். கடைக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி கீரை போட்டார். முன்பின் தெரியாத பெண்ணையும் அங்கே "ம்மே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா என்று அர்த்தம். ஆண் என்றால் "ன்டாட்டே", அப்பா. "டுமேலா ம்மே", அதாவது வணக்கம் அம்மா, என்று சொல்ல எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, நம் ஊர் வழக்கம்தானே.

காட்செ அணை இரட்டை வளைவுச் சுவர், 185 மீட்டர் உயரம். இடுக்கியைப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவு பழக்கமாகத் தெரியும், அதைவிட உயரமும் அதிகம். 1986-ல் போட்ட ஒப்பந்தப்படி இந்தத் தண்ணீர் மலைக்குள் 45 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஓடி, மின்சாரம் எடுத்த பிறகு, ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. முதல் நாள் ஜோகன்னஸ்பர்க் விடுதியில் நாங்கள் குடித்த குழாய்த் தண்ணீருக்கும் இந்த ஏரிக்கும் தொடர்பு உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. நாட்டுக்கு அதில் வருமானம் வருகிறது. ஆனாலும் ஏரிக்கு மேலே சரிவில் ஒரு பெண் தலையில் குடத்தோடு ஏறிப் போனது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மிச்சமிருந்த காலி நாளைச் செமொன்கொங்கில் கழித்தோம். மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் ஒரே வீச்சில் விழுகிறது, சாரல் மேலே எழுவதால் ஊருக்கே புகை எழும் இடம் என்று பெயர். ஒகேனக்கல் என்றாலும் புகையும் கல் என்றுதான் பொருள். முதல் நாள் சாயங்காலம் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இருட்டுக்குப் பயந்து திரும்பினோம். மறுநாள் எங்கும் போக வேண்டியதில்லை என்பதால் காலையிலேயே போய் எதிர்ப்புறப் பாறையில் உட்கார்ந்துவிட்டோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன், கனத்த கம்பளியைத் தோளில் ஊக்குக் குத்திப் போர்த்தி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, பத்தடி தள்ளி வந்து உட்கார்ந்தான். அக்கா "டுமேலா" என்றாள். அவனும் "டுமேலா ம்மே" என்றான். அதற்கு மேல் பேச இருவருக்கும் மொழி இல்லை. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கில் வானவில் விழுந்தது. பையன் அக்காவின் தோளைத் தொட்டு, கையிலிருந்த கோலால் அதைக் காட்டினான்.