அவளுக்கு அப்போது தெரியாது

முதல் ட்ராஃப்டை முடித்த இரவு கோப்பின் அடியில் தெரிந்த எண் 1,84,000. அத்தனை வார்த்தைகள். எழுந்து நின்று ஒரு முறை சோம்பல் முறித்துக்கொண்டேன், ஏதோ மலையேறி வந்தவள் மாதிரி. யங் அடல்ட் ஃபேன்டஸியில், அதாவது பதின்வயதினருக்கான மாயாஜாலக் கதைகளில், முதல் நாவலோடு வருகிறவரிடம் ஆங்கிலப் பதிப்புலகம் பொதுவாக எதிர்பார்ப்பது எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வார்த்தைகள் என்று மறுநாள்தான் படித்தேன். கிட்டத்தட்ட இரண்டு புத்தகத்தை ஒரே அட்டைக்குள் திணித்து வைத்திருந்தேன்.

(நாவல் ஆங்கிலத்தில் எழுதியது. ஏன் தமிழில் இல்லை என்பது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.)

எழுதியது பெரும்பாலும் அதிகாலையில், வேலைக்குக் கிளம்பும் முன். ஆங்கில ஃபேன்டஸி எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் முழுநேர எழுத்தாளர் ஆவதற்கு முன் ஒரு நாளைக்கு 400 வார்த்தைகள் என்று கணக்கு வைத்து எழுதினார். அதே வகையில் எழுதும் பிலிப் புல்மனுக்கு ஒரு நாளைக்குக் கையால் மூன்று பக்கம். மூன்று பக்கம் எனக்குக் கட்டுப்படியாகாது என்று 400-ஐப் பிடித்துக்கொண்டேன். 1,84,000-ஐ 400-ஆல் வகுத்தால் 460 நாள். காய்ச்சல், ஆபீஸ் நெருக்கடி, சும்மா மனசில்லாமல் விட்ட வாரங்கள் எல்லாம் சேர்ந்து அது இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் நகரும், உட்காராவிட்டால் நகராது. உண்மையான வேலை ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

முதல் வாசகி என் அக்கா மகள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பிரிண்ட் எடுத்து, பென்சிலையும் கொடுத்து, "மனசுல தோணுறத ஓரத்துல எழுது, சித்தி வருத்தப்படுவாளேன்னு பாக்காத" என்றேன். அவள் பார்க்கவே இல்லை.

பக்கம் 9: "இங்க தூங்கிட்டேன்." பக்கம் 14: "இன்னும் சரித்திரமா?" பக்கம் 60-ல் ஒரு பூ வரைந்திருந்தாள். அந்தப் பக்கத்துக்கும் பூவுக்கும் சம்பந்தமில்லை. பொழுது போகாமல் வரைந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

பக்கம் 131-ல்தான் எனக்குக் கை நடுங்கியது. என் கதையில் மந்திரம் என்றால் முடிச்சு. நாயகி கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டால் எதையும் கட்டி நிறுத்திவிடலாம்: காற்றை, ஒரு கதவை, ஒரு மனிதனின் குரலை. முடிச்சை அவிழ்த்தால் அது திரும்பி வரும். இதை நினைத்து நானே மெய்மறந்திருந்த காலம். ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி: "அப்ப வில்லனையே கட்டிப் போட வேண்டியதுதானே?"

பதில் இல்லை என்னிடம். நானூற்றுச் சொச்சம் பக்கம் எழுதியவளுக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஃபேன்டஸி எழுதுகிறவர்கள் கூடும் இடத்திலெல்லாம் மந்திரத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும், ஒரு எல்லை இருக்க வேண்டும் என்று பேசுவார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். என் கதையில் விலை இருந்தது, முடிச்சுப் போட்டால் நாயகிக்குக் களைப்பாக இருக்கும். களைப்பெல்லாம் ஒரு விலையா? தூங்கி எழுந்தால் போய்விடும்.

மூன்று வாரம் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருநாள் ஷூ லேஸ் கட்டும்போது தோன்றியது: ஒரு முடிச்சுக்கு ஒரு விரல். முடிச்சு இருக்கும்வரை அந்த விரலில் உணர்ச்சி இருக்காது. பத்து விரல், ஆகவே ஒரே சமயத்தில் பத்து முடிச்சு. ஆனால் ஏழெட்டு விரல் மரத்துப்போன கையால் அடுத்த முடிச்சைப் போடவும் முடியாது, பழைய முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. அவிழ்க்க இன்னொருவரின் கை வேண்டும். யாரை நம்பிக் கயிற்றைக் கொடுப்பது? அந்த ஒரு விதியிலிருந்து நட்பு, துரோகம், காதல் எல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றன. இரண்டாம் பாதியில் பாதிக்கு மேல் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அலுக்கவில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு கடைசிப் பக்கத்தில் காத்திருந்தது. அவள் எழுதியிருந்தது: "கத நல்லாருக்கு. ஆனா இது நீ பேசுற சித்தி. அவ பேசல."

ரோஷம் வந்தது. நாயகிக்குப் பதினாறு வயதுதானே, எல்லாம் அவள் கண் வழியாகத்தானே போகிறது என்று வாதாடினேன். அன்று இரவு, அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கவே கோப்பைத் திறந்து தேடினேன். "அவளுக்கு அப்போது தெரியாது" என்ற அர்த்தத்தில் வரும் வாக்கியங்கள் மட்டும் 43. "பின்னாளில் நினைத்துப் பார்க்கையில்" ரகம் இன்னும் ஒரு இருபது. "இளமைக்கே உரிய பிடிவாதத்தோடு" என்றுகூட ஓரிடத்தில் இருந்தது. எந்தப் பதினாறு வயதுக்காரி தன் பிடிவாதத்தை அப்படிச் சொல்லிக்கொள்வாள்?

நாற்பதைத் தொடப்போகும் ஒருத்தி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிப் பரிவாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். யங் அடல்ட் என்பது நாயகியின் வயதுக் கணக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெரியவர்களுக்கான எத்தனையோ நாவல்களில் பதினாறு வயதுப் பெண்கள் வருகிறார்கள். வித்தியாசம் அந்தப் பெண்ணுக்கும் கதை சொல்கிறவருக்கும் நடுவே உள்ள தூரத்தில் இருக்கிறது. வாசகிக்கும் அதே வயது. அவளுக்கு இதெல்லாம் இன்றைக்கு நடப்பது. "நீ வளர்ந்ததும் புரியும்" என்ற குரலை வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் அவள் புத்தகத்தைத் திறக்கிறாள்.

அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் ஒரு கட்டுரையில் சொன்ன விஷயம் அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு பதிப்பாளர் அவரிடம் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார். யோசிக்கும்போது, கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெள்ளைத் தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, அந்தத் தாடி வருவதற்கு முன் அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியிலிருந்து 1968-ல் அவருடைய எர்த்ஸீ வரிசையின் முதல் நாவல் வந்தது. பலமுறை படித்திருந்த கட்டுரைதான். ஆனாலும் என் நாயகிக்கு நானே ஒரு வெள்ளைத் தாடியை ஒட்டி வைத்திருந்தேன்.

சரிசெய்ய முதலில் சுலப வழியைத்தான் முயன்றேன். இந்த வகையில் பல நாவல்கள் "நான்" என்று நிகழ்காலத்தில் போகின்றனவே என்று இரண்டு அத்தியாயத்தை அப்படி மாற்றினேன். பிறர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அதே சித்தி, இப்போது "நான்" என்று பேசுகிறாள், அவ்வளவுதான். படர்க்கைக்கே திரும்பி, ஒவ்வொரு காட்சியிலும் ஒரே கேள்வி கேட்டேன்: இந்த நிமிடத்தில் இவளுக்கு என்ன வேண்டும், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்?

உதாரணமாக, பழைய பிரதியில் இப்படி ஒரு இடம்: குரு வாசலில் நின்று கையசைக்கிறார், அவரை உயிரோடு பார்ப்பது அதுவே கடைசி முறை என்று அவளுக்கு அப்போது தெரியாது. திருத்திய பிரதியில் குரு கையசைக்கிறார், அவள் திரும்பிப் பார்ப்பதேயில்லை. காலையில் எல்லோர் முன்னாலும் திட்டியதற்குக் கோபம். சாவுச் செய்தி வரும்போது அவளோடு சேர்ந்து வாசகிக்கும் வயிற்றில் விழும். முன்கூட்டிச் சொல்லி அந்த அடியை நானே பஞ்சு வைத்துத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

43-ல் 42 போயின. ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். முதல் அத்தியாயத்தின் முடிவில், நாயகி கதவைத் தாழிடாமல் சும்மா சாத்திவிட்டுக் கிளம்புகிறாள், மாலைக்குள் வந்துவிடலாம் என்று. அந்த வரியின் பக்கத்தில் மட்டும் அக்கா மகள் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தாள். காரணம் கேட்டால் தோளைக் குலுக்கினாள்.

தூரம் குறைந்ததும் வெட்டுவது எளிதாகிவிட்டது. பதினொரு பக்க முன்னுரைச் சரித்திரம் போனது. ராஜமாதாவின் பார்வையில் வந்த அத்தியாயங்கள், குருவின் பார்வையில் வந்தவை, மொத்தம் 31,000 வார்த்தைகள், எல்லாம் பெரியவர்கள் பெரியவர்களுக்காகக் கவலைப்பட்டவை, போயின. ராஜமாதாவுக்காக மட்டும் கொஞ்சம் அழுதேன். அமெரிக்க எழுத்தாளர் டமோரா பியர்ஸின் வீராங்கனைக் கதை முதலில் பெரியவர்களுக்கான ஒரே பெரிய நாவலாக எழுதப்பட்டு, பிறகுதான் இளையோருக்கான நான்கு புத்தகங்களாகப் பிரிக்கப்பட்டது. முதல் புத்தகம் 1983-ல் வந்தது. எனக்கும் பிரித்துவிடலாமா என்று ஆசை இருந்தது. ஆனால் என் பிரதியில் நான்கு கதை இல்லை. ஒரு கதையும் நிறைய விளக்கமும்தான் இருந்தன. கடைசியில் நின்றது 97,000.

அடுத்து ஏஜெண்ட் தேடல், அதாவது எழுத்தாளர் சார்பில் பிரதியைப் பதிப்பாளர்களிடம் கொண்டுபோய் விற்றுத் தருகிறவர். ஒரு பக்கக் கடிதம், அதில் கதையைச் சொல்ல இரண்டு மூன்று பத்தி. கடந்த சில வருடங்களில் வந்த இரண்டு புத்தகங்களைக் காட்டி "இவற்றைப் படித்தவர்களுக்கு இது பிடிக்கும்" என்று ஒரு வரி. கூடவே முதல் ஐந்தோ பத்தோ பக்கம். சிலர் சினாப்சிஸ், அதாவது கதைச் சுருக்கம், கேட்பார்கள், அதில் முடிவையும் சொல்லியாக வேண்டும். நான் முதலில் "மீதியை நாவலில் காண்க" என்ற தோரணையில் முடித்திருந்தேன். அதைப் பார்த்து எத்தனை பேர் சிரித்தார்களோ.

எட்டெட்டாக அனுப்பினேன். மொத்தமாக அனுப்பினால் கடிதத்தில் தப்பு இருந்தாலும் திருத்த வாய்ப்பிருக்காது. 62 கடிதம். 31 பேரிடமிருந்து அச்சடித்த மாதிரி மறுப்பு. 22 பேரிடமிருந்து எதுவுமே இல்லை. இந்தத் தொழிலில் மௌனமும் ஒரு பதில். மூன்று பேர் ஐம்பது பக்கம் கேட்டார்கள், ஆறு பேர் முழுப் பிரதி. அந்தப் பத்து மாதத்தில் நலம் விரும்பிகள் எல்லோரும் அமெரிக்க எழுத்தாளர் மேடலின் லெங்கலின் கதையைச் சொன்னார்கள்: இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் வேண்டாமென்ற நாவல் 1962-ல் வெளியாகி அடுத்த வருடமே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. உண்மைதான். ஆனால் ஆறுதலாக இல்லை. இருபது பேர் நிராகரித்து, இருபத்தொன்றாமவரும் நிராகரித்த புத்தகங்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லையே.

முழுப் பிரதி படித்த ஒருவர் திருத்தி மறுபடி அனுப்பச் சொன்னார். ஒப்பந்தம் எதுவும் கிடையாது, வெறும் அழைப்பு. நடுப்பகுதியில் நாயகி யாரோ சொல்லும் இடத்துக்கெல்லாம் போகிறாள், அவளாக எங்கும் போவதில்லை என்பது அவர் குறை. சரியான குறை. நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். பிறகு போனில் பேசினார், ஏற்றுக்கொண்டார். பிரதி கையில் இருக்கும் மற்றவர்களுக்குத் தகவல் சொல்லி இரண்டு வாரம் பொறுப்பது மரியாதை. பொறுத்தேன், பிறகு கையெழுத்திட்டேன். என் வருமானத்தில் அவர் பங்கு உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளில் 20. முறையான ஏஜெண்ட் பணம் வாங்குவது புத்தகம் விற்ற பிறகுதான். படிப்பதற்கே கட்டணம் கேட்ட ஒருவரிடம் நடுவில் ஏமாறப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

பதிப்பாளர்களிடம் போனது, காத்திருந்தது, ஏழு மறுப்பு, ஒரு சம்மதம். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டேன், வாழ்ந்தது பதினோரு மாதம்.

போன வாரம் காப்பி எடிட்டரிடமிருந்து, அச்சுக்கு முன் மொழிப்பிழையும் முரண்களும் பார்க்கிறவரிடமிருந்து, பிரதி வந்தது. கற்பனை உலகத்தின் ஊர், ஆறு, பட்டம், முடிச்சு வகை எல்லாவற்றுக்கும் எழுத்துக்கூட்டல் பட்டியல் போட்டிருக்கிறார். ஒரு ஆற்றின் பெயரை நான் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். அத்தியாயம் 19-ல் முழுநிலவு, கதைப்படி பதினொரு நாள் கழித்து மறுபடி முழுநிலவு. "இந்த உலகத்தில் இரண்டு நிலவா?" என்று பணிவாகக் கேட்டிருந்தார். இல்லை, ஒன்றுதான். இரண்டாவதைத் தேய்பிறையாக்கினேன்.

முதல் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு குறிப்பு இருந்தது: நாவலில் வேறெங்கும் கதைசொல்லி பின்னால் நடக்கப்போவதைச் சொல்வதில்லை, இந்த ஒரு வரியில் மட்டும் பார்வை விலகுகிறதே, நீக்கிவிடலாமா? பக்கத்தில் "ஸ்டெட்" என்று தட்டினேன். இருப்பது அப்படியே இருக்கட்டும் என்பதற்கு அச்சுத்துறையில் அதுதான் சொல். அடுத்த குறிப்புக்குப் போனேன்.