தீப்பாறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், இதுவரை

பாறைக்குழம்பு ஆறி இறுகிய கல்லான தீப்பாறையின் துண்டுகளைச் சேர்த்து, எதில் என்ன கனிமம் இருக்கிறது என்று பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஊசி, காந்தம், சமையலறைத் தராசு, இவ்வளவுதான் கருவிகள். ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. நிறத்தைப் பார்த்துக் கனிமத்தின் பெயரைச் சொல்வதைவிட, உடைந்த முகத்தில் வெளிச்சம் எப்படிப் படுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் நம்பகமானது.

கிரானைட்டில் ஆரம்பித்தேன். பரல்கள் (கல்லிலுள்ள கனிம மணிகள்) பெரிதாக இருப்பதால் பழகுவதற்கு அருமையான கல். புதிதாக உடைத்த முகம் வேண்டும் (பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உடைக்கவே உடைக்காதீர்கள்). துண்டை விளக்கடியில் பிடித்து மெதுவாகத் திருப்பினால், ஒரு கோணத்தில் சில பரல்கள் பளிச்சென்று மின்னும். இன்னும் கொஞ்சம் திருப்பியதும் அணைந்துவிடும். அவை பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார். கிட்டத்தட்டச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு பிளவுத் தளங்கள், அதாவது எளிதில் தட்டையாகப் பிளக்கும் திசைகள், அதற்கு உண்டு. தட்டையாக உடைவதால் அப்படி மின்னுகிறது. பக்கத்திலேயே, எப்படித் திருப்பினாலும் அந்தப் பளிச் வராமல், எண்ணெய் தடவிய கண்ணாடிச் சில்லுபோல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். அதற்குச் சொல்லும்படியான பிளவுத் தளம் கிடையாது, வளைந்து வளைந்துதான் உடையும். கறுப்பாக இருந்து, ஊசி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக உரிந்து வருவது பயோட்டைட் மைக்கா.

ஃபெல்ட்ஸ்பாருக்குள்ளேயே பிளாஜியோகிளேஸ் என்ற வகையைப் பிரிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. மின்னும் முகத்தை லென்ஸில் பார்த்தால் மயிரிழை அளவு இணைகோடுகள் தெரியும். படிகம் இரட்டை இரட்டையாக அடுக்கி வளர்ந்ததன் தடம் அது. எல்லா முகத்திலும் தெரியாது. ஆனால் தெரிந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கோடுகளை முதலில் பார்த்தபோது லென்ஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அப்புறம் பசால்ட். மேற்பரப்பில் சீக்கிரம் ஆறிய கல் என்பதால் பரல்கள் வளர நேரமே இருந்திருக்காது, லென்ஸிலும் பெரும்பாலும் வெறும் கறுப்புதான். அதனால் காப்ரோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் வேதிச் சேர்க்கை ஏறக்குறைய ஒன்றே. காப்ரோ பூமிக்கடியில் நிதானமாக ஆறியதால் பிளாஜியோகிளேஸும் பைராக்ஸீன் என்ற கருநிறக் கனிமமும் தனித்தனியாகத் தெரிகின்றன. மேற்பரப்பில் ஆறிய ரயோலைட்டுக்குப் பூமிக்கடியில் ஆறிய கிரானைட்டும், அதேபோல் ஆண்டிசைட்டுக்கு டயோரைட்டும் ஜோடி.

என் பசால்ட் துண்டு ஒன்றில் பச்சைப் பரல்கள் இருந்தன. ஆலிவின். அந்தக் கல்லில் குவார்ட்ஸைத் தேட வேண்டியதில்லை என்று உடனே தெரிந்துவிடும். குவார்ட்ஸ் என்பது சிலிக்காதான்; அது மிஞ்சி இருந்தால் மக்னீசியம் மிகுந்த ஆலிவின் அதோடு வினைபுரிந்து பைராக்ஸீனாக மாறிவிடும். பாறைக்குழம்பு ஆற ஆறக் கனிமங்கள் எந்த வரிசையில் உருவாகின்றன என்பதை 1920-களில் பாறையியலாளர் நார்மன் போவன் ஆய்வகச் சோதனைகளைக் கொண்டு விளக்கினார். பசால்ட்டில் சிலிக்கா 45 முதல் 52 சதவீதம். கிரானைட்டில் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

பரல் தெரியாத கல்லுக்கு அடர்த்தி கைகொடுக்கிறது. தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழியமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, கல்லின் உலர்ந்த எடையை அதால் வகுத்தால் போதும். என் கிரானைட் 212 கிராம், அமிழ்த்தியபோது 80 காட்டியது, 2.65 வருகிறது. பசால்ட் 174-க்கு 60, அதாவது 2.9. துளைகள் உள்ள கல்லுக்கு இது சரிவராது. நூலில் தொங்கவிட்ட காந்தம் பசால்ட் பக்கம் லேசாகச் சாய்ந்தது. உள்ளே இருக்கும் மேக்னட்டைட் என்ற காந்த இரும்புக் கனிமத்தின் வேலை.

இப்போது டயோரைட். அதிலுள்ள கறுப்புப் பரல் ஹார்ன்பிளெண்டா, பைராக்ஸீனா? பைராக்ஸீனின் பிளவுத் தளங்கள் ஏறக்குறைய 90 பாகையில் சந்திக்கும், ஹார்ன்பிளெண்டில் 56-ம் 124-ம். நீண்ட பரலின் குறுக்கே உடைந்த முனை கிடைத்தால்தான் கோணம் தெரியும். சில முனைகளில் சாய்ந்த சதுரம் தெளிவாகத் தெரிந்துவிட்டது, அவை ஹார்ன்பிளெண்ட். மீதிப் பரல்களை இன்னும் பார்க்க வேண்டும்.